மேக்கரைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

சாரல் கட்டிவிட்டால் குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் வரிசை நீளும். குளித்துத் தலை துவட்டிய கையோடு பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும், பிறகு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்காசிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பயணம் இத்துடன் முடிந்துவிடுகிறது. முக்கால் மணி நேரப் பயணத்துக்குள் இதே மலைத்தொடரின் அடியில் இன்னோர் ஆறு தரையிறங்குகிறது. அங்கே வரிசையே கிடையாது.

அந்த ஆறு அனுமன் நதி, அது இறங்குகிற ஊர் மேக்கரை. பண்பொழியைத் தாண்டி மலையை நோக்கிப் போகும் சாலையில் இருக்கிறது.

வழியில் வரும் பிரானூர் பார்டரைப் பரோட்டாவுக்காக மட்டும் நினைவில் வைத்திருப்பது அந்த ஊருக்குச் செய்கிற குறை. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. அதுவரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. பிரானூர் அப்போது நிஜமாகவே எல்லை. எல்லை புளியரைக்கு அப்பால் போய் இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இன்றும் “பார்டர் ஒண்ணு குடுங்க” என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள்.

பண்பொழியில் திருமலைக்கோயில். குன்றின் உச்சியில் முருகன் இருக்கிறார். படியேற முடியாதவர்களுக்கு மேலே வரை சாலை உண்டு. சாமி கும்பிட்டதும் இறங்கிவிடாமல் மேற்குப் பக்கம் வந்து நின்று பார்க்க வேண்டும். மலைச்சுவர், அதன் காலடியில் அணை, அங்கிருந்து கிழக்கே விரியும் தென்னையும் வயலும் குளங்களும் என்று ஓர் ஆற்றின் முழு வேலையும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும்.

மேக்கரையில் பார்ப்பதற்கென்று கட்டிவைத்தது எதுவுமில்லை. வீடுகளைத் தாண்டினால் தோப்பு, தோப்பைத் தாண்டினால் வயல், அதற்கப்பால் காடு. டீக்கடையில் பேச்சு அணை நீர்மட்டத்தில் தொடங்கும். இங்குள்ள அடவிநயினார் அணையின் உயரம் 132 அடி. பக்கத்துச் செங்கோட்டையின் குண்டாறு அணைக்கு 36 அடிதான். அது சீசன் தொடங்கிய வேகத்தில் நிரம்பி வழிந்துவிடும். அடவிநயினார் நிரம்ப நல்ல மழை வேண்டும். நிரம்பினால் கார் சாகுபடிக்குக் கவலையில்லை, மழை ஏமாற்றினால் நாற்று விடுவதா வேண்டாமா என்ற கேள்வி வந்துவிடும்.

அணையிலிருந்து திறக்கும் தண்ணீர் மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிகால், இலத்தூர்கால், சாம்பவர்வடகரைக்கால் என்று பல கால்களாகப் பிரிந்து 7,500 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மடை மாற்றுகிற இடத்தில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். மம்பட்டியோடு வருகிறவர் வரப்பின் வாயில் நாலு வெட்டு வெட்டுவார், அந்த மண்ணையே எடுத்து எதிர்ப்பக்க வாயை அடைப்பார். முதல் வயலை விட்டுத் தண்ணீர் அடுத்த வயலுக்குள் சரசரவென்று ஏறும். கொக்குகள் அதற்கு முன்பே அங்கே போய்க் காத்து நிற்கும்.

இந்த ஓட்டத்தை வழியிலேயே மடக்கத்தான் சிலர் பார்த்தார்கள். குற்றாலக் கூட்டத்தைக் குறிவைத்து, மலையடிவாரத் தனியார் நிலங்களில் ஓடைகளைத் திருப்பிச் செயற்கை அருவிகள் கட்டினார்கள். 2022-ல் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. இயற்கை நீரோட்டத்தை மாற்றி அமைத்த அருவிகள்மீது நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வயலுக்குப் போகிற தண்ணீரைக் காசு வாங்கிக்கொண்டு தலையில் ஊற்றுவது அநியாயம். அப்படி ஓர் இடத்துக்கு யாராவது கூப்பிட்டால் போகக் கூடாது.

யானைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேக்கரை, வடகரைப் பக்கத் தோப்புகளுக்குள் யானைகள் இறங்குவது புதிதல்ல. தென்னையும் வாழையும் சாய்கின்றன, விவசாயிகள் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவதும், தின்ற மிச்சத்தைத் தோப்போரம் வீசாமல் இருப்பதும் அந்த விவசாயிகளுக்குச் செய்கிற உதவி.

மேக்கரையைத் தாண்டினால் சாலை மலையேறி அச்சன்கோவிலுக்குப் போகிறது. அங்குள்ள ஐயப்பன் கோயிலின் மார்கழி விழாவுக்கு ஆபரணப் பெட்டி ஆண்டுதோறும் புனலூரிலிருந்து தென்காசி வந்து, காசி விசுவநாதர் கோயில் முன்னால் வரவேற்பு பெற்று, பிறகுதான் அச்சன்கோவிலுக்குப் போகும். நேரம் இருப்பவர்கள் அந்தக் காட்டுவழியில் போய்வரலாம்.

நேரம் குறைவென்றால் ஆற்றோடு கிழக்கே இறங்கி ஆய்க்குடிக்கு வருவது நல்லது. இங்கே முருகன் குழந்தை, பாலசுப்பிரமணியர். வேண்டுதல் பலித்தவர்கள் பாயசம் காய்ச்சி, அனுமன் நதிக் கரையின் படிக்கட்டைக் கழுவி, அந்தக் கல்லின் மேலேயே ஊற்றுகிறார்கள். படிப்பாயசம் என்று பெயர். இலையும் இல்லை, கிண்ணமும் இல்லை. பிள்ளைகள் குனிந்து கையால் வழித்து வழித்துச் சாப்பிடுகிறார்கள். ஓரத்தில் நிற்கும் வெளியூர்ப் பிள்ளையையும் “நீயும் வாடே” என்று இழுத்துக்கொள்கிறார்கள்.