நடைபாதைக் கோரை யாருடையது?

பொதுத் தோட்டத்தில் களை முதலில் தலைகாட்டுவது யாருடைய பாத்தியிலும் அல்ல. இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஓடும் நடைபாதையில்தான். தன் கத்தரிக்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறவரும் அதைத் தாண்டித்தான் போகிறார். 'அது அவர் பக்கம்' என்று பாத்திக்காரர் இருவருமே நினைக்கும் அந்த ஓரடி இடம் போதும், கோரைக்கு. தழையை மட்டும் பிய்த்தால் அதற்கு நோகாது. மண்ணுக்குள் சங்கிலியாய்க் கோத்துக் கிடக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும். கிழங்கோடு கொத்தி எடுத்து, காலி இடத்தில் சர்க்கரைவள்ளியைப் படரவிட்டால் அதன் நிழலில் கோரை நலியும். பார்த்தீனியம் பூத்துவிட்டாலோ ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். பூக்குமுன், மழையில் மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். 2,4-டி போன்ற மருந்தின் சாரல் காற்றில் வந்தாலே அடுத்தவர் தக்காளி இலை சுருண்டுவிடும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். யார் செய்வது என்பதே கேள்வி. 'எல்லோரும்' என்று பலகையில் எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார்கள். பாத்தியை ஒருவர் பெயரில் எழுதும்போதே அதன் இடப்பக்க நடைபாதையையும் சேர்த்து எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை கூடிக் களையெடுத்து டீ குடித்துக் கலைவது நல்ல பழக்கம். ஆனால் களை அதுவரை காத்திருக்காது. வாரம் பத்து நிமிடம் குனிகிற முதுகுதான் தோட்டத்தைக் காக்கும். 'களை பிடுங்காப் பயிர் கால் பயிர்' என்பார்கள். பாதையைக் கவனிக்காத பொதுத் தோட்டத்தில் அந்தக் காலும் மிஞ்சாது.