அப்பா ஓடலாம், அம்மா ஓடக்கூடாதா?



பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான், பண்டார் பொட்டானிக் ஏரிப் பூங்கா. காலை ஏழரை மணி. என் துணைவியார் ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். நானோ, கையில் கிடைத்த கூழாங்கல்லை எல்லாம் வாயில் போடத் துடிக்கும் எங்கள் இரண்டரை வயது மகனின் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். உறவுமுறையில் பெரியம்மா ஆகவேண்டிய ஒருவர் அவ்வழியே நடைப்பயிற்சிக்கு வந்தார்.

“என்ன தம்பி, பிள்ளையை உன்னிடம் தள்ளிவிட்டு அவள் ஓடுகிறாளா?”

அந்த ஒற்றை வினாவுக்கான விடைதான் இந்தப் பதிவு.

மகன் பிறந்தது முதல் அவனுக்கு இரண்டு வயது நிரம்பும் வரை, அதே ஏரியைச் சுற்றி ஞாயிறுதோறும் ஓடியவன் நான். அப்போது இதே பெரியம்மா, “நல்ல பழக்கம் தம்பி, விட்டுவிடாதே” என்று வாழ்த்தினார். அதே பூங்கா, அதே பிள்ளை. ஓடுகிறவர் மாறியதும் வாழ்த்து குற்றச்சாட்டாகிவிட்டது! இஃது எந்த ஊர் நியாயம்?

எனினும், பெரியம்மாவை மட்டும் குறைகூற எனக்குத் தகுதியில்லை. முதற்குற்றவாளி நானே.

“ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வருகிறேன்” என்றுதான் வீட்டில் சொல்வேன். அந்த ஒரு மணி நேரத்தின் உண்மையான நீளம் என்ன தெரியுமா? ஐந்தரைக்குப் புறப்படுவேன். ஓடி முடித்ததும் நண்பர்களோடு தோசை, தே தாரிக், அரட்டை. வீடு திரும்பும்போது மணி பத்து. பிறகு களைப்புத் தீர ஓர் உறக்கம். இத்தனைக்கும், கருவுற்றிருந்த காலத்தில் நீரிழிவு கண்டவர் என் துணைவியார். அவ்வாறு கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம் என்றும், உடற்பயிற்சியைக் கைவிடாதீர்கள் என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார். அறிவுரை பெற்றவர் ஒருவர், ஓடியவர் வேறொருவர்!

ஓர் ஓட்டப் போட்டிக்கு முதல்நாள் இரவு, சட்டையில் எண்ணட்டையைக் குத்திக்கொண்டிருந்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி அவர் கேட்டார்: “நீங்கள் ஓடும் நேரத்தை உங்களுக்குக் கொடுத்தது யார்?” விடை எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் வாய் திறக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களையும்விட அதிகம். இந்த நிலையிலுள்ள ஒரு சமூகம், உடற்பயிற்சியைத் தந்தையின் கடமையாகவும் தாயின் ஆடம்பரமாகவும் கருதலாமா?

‘பிள்ளை பெற்றவளுக்கு ஓட்டம் எதற்கு?’ என்போருக்கு ஒரு செய்தி. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் நான்கு தங்கம் வென்றபோது அவருக்கு வயது 30. இரண்டு பிள்ளைகளின் தாய். வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்க்கட்டும் என்ற ஏச்சு அவரையும் விடவில்லை. நம் மண்ணில், 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் எம். ஜெகதீசனும் எம். ராஜமணியும் தங்கம் வென்றனர். ஆணும் பெண்ணுமாய் ஓடிய பெருமை நம்முடையது. மேடைகளில் அதைப் பேசுகிறோம். வீட்டில் மட்டும் ஒருவரை அடுப்பங்கரையில் நிறுத்திவிடுகிறோம்.

‘இருட்டில் பெண் தனியே ஓடுவது பாதுகாப்பா?’ நல்ல கேள்வி. அப்படியானால் வெளிச்சமுள்ள நேரத்தை அவருக்குக் கொடுங்கள். இருட்டில் நீங்கள் ஓடுங்கள்! அக்கறை என்ற பெயரில் கதவைச் சாத்துவது அக்கறையாகாது.

‘பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து ஓட வேண்டியதுதானே?’ பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் மோட்டார் சைக்கிள்களுக்கு இடையே தள்ளுவண்டியை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். அருகிலுள்ள பெர்டானா தாவரவியல் பூங்காவுக்குப் போனால் உருட்டலாம். நாங்களும் சில நாள் அப்படிச் செய்கிறோம். ஆனால், சிறு குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் கட்டிவைக்கலாகாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மேலும், ஓடும்போதும் பிள்ளையைத் தாயே தள்ளவேண்டும் என்றால் தந்தை எதற்கு?

‘நேரமில்லை’ என்பது கடைசிச் சாக்கு. பெரியவர்களுக்கு அந்நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி. ஓட்டம் போன்ற கடும்பயிற்சி என்றால் 75 நிமிடமே போதும். இருபத்தைந்து நிமிடமாக மூன்று நாள்! நேரம் இருக்கிறது, நண்பர்களே. அது ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது இதுதான் நடைமுறை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு அவர் ஓடுவார். குளியலும் சோறும் என் பொறுப்பு. புதனும் சனியும் விடியுமுன் நான். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்த முதல் அரைமணி அவருக்கு; அடுத்த அரைமணி எனக்கு. பசியாறுவது மூவரும் சேர்ந்து. காய்ச்சல் வந்தால் எல்லாம் கலையும். கலைந்தது அவர் முறையாக இருந்தால், மறுநாள் என் முறை அவருக்கு. என் வேகம் குறைந்துவிட்டது என்பது உண்மை. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். எங்கள் வீட்டில் சிறந்த ஓட்டக்காரர் நாங்கள் இருவருமல்லர். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிட அசைவு வேண்டுமாம். எங்கள் மகன் அதைக் காலையிலேயே முடித்துவிடுவான்! அவனிடம்தான் “ஓடாதே, விழுவாய்” என்று சொல்லிக் கையில் கைப்பேசியைத் திணிக்கிறோம். முதலாம் ஆண்டில் அவனை எங்களிடம் அனுப்பிவிட்டு, “பிள்ளை சுறுசுறுப்பாக இல்லையே, ஆசிரியரே” என்றும் கேட்கிறோம்.

அன்று பெரியம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: “தள்ளிவிட்டுப் போகவில்லை பெரியம்மா. இவன் எனக்கும் பிள்ளைதானே?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன் அதற்குள் அடுத்த கூழாங்கல்லை எடுத்துவிட்டான். அவன் பின்னால் நான் ஓடினேன்.

தந்தையரே, சிந்திப்பீர்! இந்த ஞாயிறு, காலணியை யார் அணியப் போகிறார்கள்?