நடுவயதுப் பெண்டிரின் வெப்பமும் நம் சங்கங்களின் கடமையும்

நம் நாட்டில் கைத்தறியை நம்பி வாழும் தொழிலாளர் 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருள் நூற்றுக்கு 72 பேர் பெண்டிர் என்பது 2019-20ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு தரும் செய்தி. வயல் வேலையிலும் அவர் பங்கு சிறிதன்று. ஆயினும், நாற்பதைக் கடந்த பெண்டிர் பலரை வருத்தும் ஓர் உடல் மாறுதலைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் ஒரு சொல்லும் எழுவதில்லை. பேசத் தகாத பொருள் என்று ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்குதல் தவறு என்பதே எமது கருத்து.

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வாராதிருப்பின், அது முற்றிலும் நின்றுவிட்டதென மருத்துவர் கொள்வர். நம் நாட்டில் இது பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி நிகழ்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னும் பின்னும், மார்பிலும் கழுத்திலும் முகத்திலும் திடீரென அனல் பரவும், வியர்வை பெருகும், சில நிமிடங்களில் தணிந்து, குளிர் தோன்றும். இரவில் வருமாயின் உறக்கம் கெடும். இதனை உணவுக் கோளாறு என்றும், மனக்கலக்கம் என்றும் வீட்டார் கூறுவர். உண்மை அதுவன்று.

இதன் காரணம் மூளையில் உள்ளது. மூளையின் அடிப்பகுதியில் அமைந்த ஹைப்போதலாமஸ் உடலின் வெப்பத்தைச் சீராகக் காத்து வருகிறது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், அங்குள்ள சில நரம்பணுக்களை அடக்கி வைத்திருக்கும். அச்சுரப்பு குறையுங்கால் அவை மிகையாகக் கிளர்ச்சியுறுகின்றன. அதனால் உடல் சிறிதே சூடேறினும், பெருஞ்சூடு ஏறியதுபோல் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது. இரு சூலகங்களும் அறுவையால் நீக்கப்பெற்ற இளம் பெண்டிருக்கு இத்தொல்லை விரைவிலும் கடுமையாகவும் வருவது இதனாலேயே.

இது நோயன்று, எனினும் புறக்கணிக்கத் தக்கதுமன்று. அமெரிக்காவில் பல்லாண்டு நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி இவ்வெப்பம் கண்டவருள் பாதிப் பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இவ்வெப்பம் மிகுதியாகக் காண்போரிடம் இருதய நோய்க்கான அபாயமும் சற்று மிகுந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்று மற்றதற்குக் காரணம் என நிறுவப்படவில்லை. எலும்பு வலுக் குறைவதும் இப்பருவத்திலேயே. ஆகவே, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்க இதுவே தக்க காலம். இரவு வியர்வையுடன் காய்ச்சலும் மெலிவும் இருப்பின், காசநோயோ என ஆராய வேண்டும். நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் காணின், கர்ப்பப்பைப் புற்று இல்லையென உறுதி செய்ய உடனே மருத்துவரை நாட வேண்டும்.

சிகிச்சையும் உண்டு. 60 வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாத பெண்டிர் பலருக்கு, ஹார்மோன் மருந்தால் விளையும் நன்மை தீமையினும் மிகுதி. மார்பகப் புற்றோ இரத்தக் கட்டோ கண்டவர்க்கு அது பொதுவாக ஏற்றதன்று. அதனை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இனி நம் கடமைக்கு வருவோம். நூல் அறாதிருக்கக் காற்றை அடைத்து, ஈரம் காத்துத் தறி ஓட்டுகிறோம். அப்புழுக்கத்தில் குழித்தறியில் அமர்ந்தவளுக்கு உள்ளிருந்தும் அனல் எழுமாயின் அவள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். கூலியோ நெய்த அளவுக்கே. இரவில் மும்முறை வியர்த்து விழித்தவள் மறுநாள் நெய்வது குறைந்தால், அதற்குச் சோம்பல் என்று பெயரிடுகிறோம். நூலுக்குக் காட்டும் பரிவை நெய்பவளுக்குக் காட்ட மறந்தோம்!

செலவு கூடும் என்பார் உளர். நாம் கேட்பவை பெரியன அல்ல: பாவில் படாமல் முதுகுப்புறம் வீசும் ஒரு விசிறி, பானை நிறையக் குடிநீர், அந்நீரை அஞ்சாது அருந்துதற்கு அருகிலேயே கழிப்பறை, அனல் எழும்போது எழுந்து செல்லக் கால் மணி நேரம், வயலில் வெயில் ஏறுமுன் முடியும்படி களையெடுப்பு. ஆண்டுக்கொருமுறை மருத்துவ முகாம் கூட்டும் சங்கங்கள், நாற்பதைக் கடந்த பெண் அங்கத்தினருக்கென ஒரு பகலை ஒதுக்கிப் பெண் மருத்துவரை அழைக்கலாம்.

ஒருவர் சுமையைப் பலர் கூடித் தாங்குவதே கூட்டுறவு. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துரைக்க ஒரு பெண் அங்கத்தினரேனும் முன்வரட்டும். ஏனையோர் நகையாது கேட்கட்டும்.