கியர் பாக்ஸை இறக்குமுன்...

ஆண்டிமடம் கடைவீதியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று முகூர்த்த நாள். பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு விடியுமுன் ஜெயங்கொண்டம் போய்ச் சேரவேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளச்சை மிதித்து, முதல் கியரைத் தள்ளுகிறார். கியர் விழவில்லை! இன்னொரு முறை தள்ளுகிறார். 'கரகர'வென்று ஒரு சப்தம். பின்னால் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குச் சகுனம் சரியில்லையே என்ற கவலை. அவருக்கோ மாதத் தவணை பற்றிய கவலை.

பொழுது விடிந்ததும் பட்டறைக்கு ஓடுகிறார்.

"அண்ணே, கியர் விழமாட்டேங்குது."

"பாக்ஸை இறக்கிப் பாத்துடுவோம், தம்பி."

இந்த ஒரு வார்த்தையில் நாலு நாள் சவாரி போயிற்று. ஆயிரக்கணக்கில் பணமும் போயிற்று. கடைசியில் பார்த்தால், கிளச் கேபிளில் ஒரு நட்டைத் திருகியிருந்தாலே போதும் என்று தெரியவருகிறது! இந்தக் கூத்து ஆண்டிமடத்தில் மட்டுமா? கார் ஓடும் ஊர்களிலெல்லாம் நடக்கக்கூடியதுதான்.

கியர் கோளாறு என்றாலே கியர் பாக்ஸ் கோளாறு என்று நினைப்பதுதான் இதற்கெல்லாம் வேர். தலைவலி என்று வந்தவனுக்கு மண்டையைப் பிளந்து பார்க்கும் வைத்தியம் இது. டிரைவரின் கைக்கும் பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவே எத்தனையோ சாமான்கள் இருக்கின்றன. கியர் ராடிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பி அல்லது கேபிள், அதன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர், பிளாஸ்டிக் புஷ்கள், கிளச் பெடலிலிருந்து போகும் கேபிள் அல்லது எண்ணெய்க் குழாய். இவை அத்தனையும் பெட்டிக்கு வெளியே இருப்பவை. புஷ் தேய்ந்ததா, கேபிள் தளர்ந்ததா என்று பார்ப்பதற்குப் பெட்டியை ஏன் இறக்கவேண்டும்?

நோய் எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, என்ஜினை அணைத்துவிட வேண்டும். பிறகு கிளச்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு கியர் முட்டிக்கொண்டு நின்றால் பதற வேண்டாம். வண்டியைச் சற்றே தள்ளிவிட்டு மறுபடி போட்டால் விழுந்துவிடும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் இடிப்பதால் வருவது அது.

என்ஜின் ஓடாதபோது எல்லாக் கியரும் வெண்ணெய் போல் விழுகின்றன, ஓடும்போது மட்டும் மறுக்கின்றன என்றால், குற்றவாளி பெரும்பாலும் கிளச்தான். மிதித்தாலும் அது முழுக்க விடுபடவில்லை. ஐயம் தீர இன்னொரு சோதனையும் உண்டு. என்ஜினை ஓடவிட்டு, கிளச்சை அடிவரை மிதித்து, ஐந்தாறு விநாடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போட வேண்டும். அப்பொழுதும் 'கரகர' என்றால் சந்தேகமே இல்லை.

கேபிள் கிளச்சாக இருந்தால், பெடலைக் கையால் அமுக்கிப் பார்க்கலாம். கனம் தெரியுமுன் அது சும்மா ஆடும் தூரம் பல கார்களில் சுமார் 2 சென்டிமீட்டர் இருக்கும். சரியான அளவு வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத்தான் ஒருவரும் பிரிப்பதில்லை! ஆட்டம் அதிகமானால் கியர் விழாது. கேபிள் முனையில் உள்ள நட்டைத் திருகி அதைக் குறைக்க வேண்டும். ஆனால் ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளச் வழுக்கித் தீய்ந்துபோகும். மேட்டில் ஏறும்போது என்ஜின் மட்டும் உறுமி வண்டி நகராமல் நின்றால், அது அப்படி இறுக்கியதன் பலனாக இருக்கலாம். எண்ணெய்க் கிளச் என்றால், எண்ணெய் குறைந்ததா, எங்கேனும் கசிகிறதா, குழாயில் காற்றுப் புகுந்ததா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் பிரேக் ஆயில் டப்பாவே கிளச்சுக்கும் பொது.

என்ஜினை அணைத்த பிறகும் ராடு கனக்கிறதா? அல்லது உரலில் உலக்கை ஆடுவதுபோல் தொளதொளவென்று ஆடுகிறதா? அப்படியானால் கம்பியையும் புஷ்களையும் பார்க்க வேண்டும். பழைய அம்பாஸடர் ஓட்டியவர்களைக் கேட்டால் இதைப்பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரில் வெகுகாலம் கியர் ராடு ஸ்டியரிங்குக்கு அடியிலேயே இருந்தது. மூட்டுகள் தேய்ந்துவிட்டால் இரண்டு கியர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். டிரைவர் நடுரோட்டில் இறங்குவார், பானட்டைத் திறப்பார், கம்பியை ஒரு தட்டுத் தட்டுவார், ஏறிப் போவார். யாரும் பெட்டியை இறக்கச் சொன்னதில்லை. அந்தக் கைப் பழக்கம் இன்றைய டிரைவர்களுக்கு இல்லாமற்போனது நஷ்டமே.

பெட்டிக்குள்ளே கோளாறு வருவதே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும், இரண்டாவதோ மூன்றாவதோ, ஒவ்வொரு தடவையும் கத்துகிறது என்றால், அந்தக் கியரின் ஸிங்க்ரோமெஷ் வளையம் தேய்ந்திருக்கலாம். சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி ஓசையில்லாமல் சேர்க்கும் சாதனம் அது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு கியர் மாற்ற இரண்டு முறை கிளச் மிதிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் முதல் ஐந்து நிமிஷம் மட்டும் கியர் கனத்தால், எண்ணெய் கெட்டியாக இருக்கிறது என்று பொருள். அதற்குப் பட்டறை வேண்டாம்.

இப்படிச் சொல்வதால் பழி முழுவதையும் மெக்கானிக் தலையில் கட்டுவது நியாயமாகாது. அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்து, நோயைக் கண்டுபிடித்து, ஒரு நட்டைத் திருகிக் கொடுத்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது? "நட்டுத் திருகினதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறார்கள். பெட்டியை இறக்கி, தரையெல்லாம் சாமானைப் பரப்பிக் காட்டினால், அதே ஆள் மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணி வைக்கிறார்! டாக்டருக்குப் பார்த்ததற்குப் பணம் கொடுக்கிறோம். மெக்கானிக்குக் கழற்றியதற்குத்தான் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி கொடுக்கும் வழக்கம் வந்தால், பாதிப் பெட்டிகள் இறங்காமலே தப்பும்.

டிரைவிங் பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 'ஏ, பி, சி' என்று மூன்று பெடலையும் காட்டி வண்டியை நகர்த்தக் கற்றுக்கொடுத்தால் கடமை முடிந்துவிடுகிறது. கிளச் பெடல் மீது எந்நேரமும் காலை வைக்காதே, ராடு மீது கையை ஊன்றாதே, வண்டி நிற்குமுன் ரிவர்ஸ் போடாதே என்று எத்தனை பள்ளிகளில் சொல்கிறார்கள்? விருத்தாசலம் – ஜெயங்கொண்டம் சாலையிலும், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலும் ஊர்ந்து போகும் வண்டியில் கியர் ஓயாமல் மாறுகிறது. முந்திரிக் காட்டுப் பாதைகளின் செம்மண் புழுதி வேறு கேபிளிலும் மூட்டிலும் அப்பிக்கொள்கிறது. லாரிக்கு முன்னே கியர் விழாமல் நடுச்சாலையில் நிற்பது பணநஷ்டத்தோடு போகிற காரியமா?

இனிக் கியர் மாற்றுகிற தொல்லையே இல்லை என்கிறார்கள் சிலர். 2014-இல் மாருதி செலிரியோ வந்தபிறகு, தானே கியர் மாற்றும் மலிவுக் கார்கள் பெருகியது மெய்தான். ஆனால் அந்த வகை வண்டிக்குள்ளும் அதே கிளச், அதே பல்சக்கரம். மனிதன் காலுக்கும் கைக்கும் பதில் யந்திரம் மிதித்து மாற்றுகிறது, அவ்வளவே.

எல்லாம் பார்த்தும் பெட்டியை இறக்கித்தான் தீரவேண்டும் என்றால், கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் கையோடு பார்க்கச் சொல்லவேண்டும். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். கழற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.