நம் சன்னலை நாமே துடைப்போம்

தலைநகருக்குப் படிக்க வந்த நமக்கு அரசியல் பேசத் தெரியும். இலக்கியம் பேசத் தெரியும். ஆனால் நம் அறைச் சன்னலைத் துடைப்பது மட்டும் பிறர் வேலை என்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் தவறு என்பது என் உறுதியான கருத்து.

தில்லியின் புழுதி நாம் அறியாததா? கோடையில் மணற்காற்று, குளிர்காலத்தில் புகைமூட்டம். இரண்டும் கண்ணாடியில் படிந்து, நண்பகலிலேயே விளக்கேற்றிப் படிக்க வைக்கின்றன. கேட்டால், "அதற்கு மருந்து வாங்கக் காசில்லை" என்பார்கள். கடையில் விற்கும் நீலப் புட்டி எதற்கு? சமையலறைப் பொருளே போதும்!

முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டிவிட வேண்டும். மணலோடு ஈரமும் சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடி கீறும். பிறகு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து தெளித்து, கசக்கிய பழைய செய்தித்தாளால் துடையுங்கள். துணியைப் போல அது நூலிழை விடாது. வெள்ளை பூசிய சட்டத்தில் மட்டும் தாளைத் தேய்க்காதீர்கள், மை ஒட்டும். நேர்வெயிலிலும் துடைக்கவேண்டாம், நீர் விரைந்து உலர்ந்து கோடு விழும்.

கூலர் தண்ணீர் தெறித்த இடத்தில் வெண்கறை இருக்கிறதல்லவா? அது கடினநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவம். வினிகரிலுள்ள அமிலம் அதைக் கரைக்கும். எலுமிச்சைச் சாறும் கரைக்கும். சிலர் வினிகரோடு ஆப்ப சோடாவையும் கலந்து, நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் நுரை அது. கறைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. பிளீச்சிங் பவுடரை மட்டும் வினிகரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் என்னும் நச்சு வாயு எழும்.

செலவு சில ரூபாய், நேரம் கால்மணி. "படிக்க வந்தோமா, துடைக்க வந்தோமா?" என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்வேன்: காசும் காலமும் தடையல்ல, தடை நம் மனம். துப்புரவு ஒரு பிறப்பினர்க்கு உரிய தொழில் என்னும் பழைய நஞ்சு, பட்டம் பெற்ற பிறகும் நம்மை விட்டுப் போகவில்லை. அதனால்தான் மூன்றாம் மாடிச் சன்னலின் வெளி விளிம்பில், இடுப்பில் ஒரு கயிறுகூட இன்றி, ஒரு தொழிலாளியை நிற்கச் சொல்ல நமக்கு நா கூசுவதில்லை. நாம் ஏற அஞ்சும் இடத்தில் அவர் மட்டும் ஏன் ஏற வேண்டும்? அவருக்கும் வீடில்லையா? அவர் வரவை எதிர்நோக்கும் பிள்ளைகள் இல்லையா?

உட்புறத்தை நாமே துடைப்போம். எட்டாத வெளிப்புறத்தைத் தக்க பாதுகாப்புக் கருவிகளோடு துடைக்கச் செய்யும்படி விடுதி நிருவாகத்தை வற்புறுத்துவோம். அதுவரை வெளிப்புறம் அழுக்காகவே இருக்கட்டும். ஓர் உயிரைவிடக் கண்ணாடியின் பளபளப்பு பெரிதன்று.

போகி வருகிறது. பழையன கழிய வேண்டிய நாள் அது. கண்ணாடித் தூசியோடு அந்தப் பழைய எண்ணத்தையும் துடைத்தெறிவோம், வாருங்கள்!