தனிக் கோப்பை வேண்டா

1991 நவம்பரில் தமக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ளதென அறிவித்த அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் மஜிக் ஜோன்சன், 30 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றார். 1996இல் வழக்கிற்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை பலரின் ஆயுளை நீட்டியது. நாள்தோறும் குளிசையைத் தவறாது உட்கொண்டு, குருதியில் கிருமி கண்டறிய இயலாத நிலை நீடித்தால், உடலுறவாலும் அது பிறருக்குத் தொற்றாது. நல்லுறக்கமும் நடைப்பயிற்சியும் புகைத்தலை விடுதலும் உடலுக்கு உரம்.

உள்ளத்துக்கோ உறவே உரம். நம் வீடுகளில் அவருக்கென ஒதுக்கிவைக்கும் தனிக் கோப்பை நோயினும் கொடிது. ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதால் இக்கிருமி பரவாது.

மொழிபெயர்ப்பாளர் நம்மூரவர் என அஞ்சிச் சிலர் வைத்தியரிடம் செல்வதில்லை. வேறொருவரை ஒழுங்குசெய்யுமாறு கேளுங்கள், சிகிச்சையைக் கைவிடாதீர்கள். உறவினர்களே, அவருடைய கோப்பையை உங்களுடையவற்றோடு சேர்த்து வையுங்கள்.