பை மாற்றும் இரண்டு நிமிடம்

டிரிப் தீரப்போகிறது, தாதியைக் காணோம். அருகிலிருக்கும் மகனோ மருமகளோ எழுந்து குழாயின் சக்கரத்தைத் திருகிவிடுகிறார். மலேசியாவின் தெப்ராவிலும் சரி, வேறெங்கும் சரி, வார்டுகளில் பழகிப்போன காட்சி இது. பழகிப்போனதுதான் ஆபத்து.

வாய்வழி மருந்துக்கு வயிறும் ஈரலும் காவல் நிற்கின்றன. நாளத்தில் ஏறும் திரவம் நேரே இரத்தத்தில் கலக்கிறது. 1970, 71இல் அமெரிக்காவில் திரவப் புட்டிகளின் மூடிக்குள் ஒளிந்திருந்த கிருமி 25 மருத்துவமனைகளில் 378 பேரைத் தாக்கியது. 2011இல் இராஜஸ்தானின் ஜோத்பூரில் பிரசவத்துக்கு வந்த தாய்மார் அடுத்தடுத்து இறந்தபோது, ஏற்றிய திரவத்தின் மீதே சந்தேகம் விழுந்தது.

பையில் எது கெட்டிருந்தாலும் கண்டுபிடிக்கக் கடைசி வாய்ப்பு அதை மாட்டுபவருக்கே. பழைய பை வற்றும் முன்பே புதியது தயாராக வேண்டும். கை கழுவி, மருத்துவர் எழுதியதையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஒப்பிட வேண்டும். காலாவதி நாளைப் பார்த்து, பையை வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கல் தெரியும். மெல்ல அழுத்தினால் கசிவு தெரியும். சக்கரத்தை மூடிவிட்டு, குழாயின் கூர்முனை எதிலும் படாமல் செருக வேண்டும். சொட்டு அறை பாதி நிறைந்து, குழாயில் காற்று இல்லை என்று உறுதியான பிறகே சொட்டின் வேகத்தை அமைக்க வேண்டும். வெறும் உப்புநீர்ப் பையும் பொட்டாசியம் கலந்த பையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பொட்டாசியம் வேகமாக ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும். உறவினர் சக்கரத்தைத் தொடக் கூடாது என்பது இதனால்தான்.

இத்தனையும் சரியாகச் செய்ய இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் தாதிக்குக் கிடைக்கிறதா? தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தரும் சம்பளம் நம் தாதியரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மிஞ்சியவர் ஒரே இரவில் பல படுக்கைகளுக்கு ஓடுகிறார். ஓடுகிற கை எதைச் சரிபார்க்கும்?

சுகாதார அமைச்சும் தனியார் மருத்துவமனைகளும் தாதியர் எண்ணிக்கையையும் ஊதியத்தையும் உடனே உயர்த்த வேண்டும். பொட்டாசியம் கலந்த பைகளைத் தனி அலமாரியில், தனி அடையாளத்தோடு வைக்க வேண்டும். குடும்பத்தாரே, அழைப்பு மணியை அழுத்துங்கள், சக்கரத்தைத் தொடாதீர்கள். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ நோயாளிக்குத் திடீரென நடுக்கம் கண்டாலோ கூச்சப்படாமல் குரல் கொடுங்கள். தாதி பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாரா? அவசரப்படுத்தாதீர்கள். அவர் பார்ப்பது உங்கள் அம்மாவின் உயிரை.